பாதித் துண்டுக்குக் காவல்

எவர்சில்வர் கிண்ணத்தை இடது கையால் மார்போடு அணைத்துப் பிடித்து, வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிறை மாதிரி வளைத்து, உள்ளே தள்ளி, அமுக்கி, விட்டு, மறுபடி உள்ளே தள்ளி, அமுக்கி, விட்டு, முப்பிடாதி பால் எடுத்துக்கொண்டிருந்தாள். பீய்ச்சுவது என்று இங்கே யாரும் சொல்வதில்லை, அது மாட்டுக்கு. இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற மாதிரி, எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி பாலும் எடுப்பதுதான், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பால் ரூமின் திரைச்சீலைக்கு உள்ளே, ஆறு பிளாஸ்டிக் நாற்காலியில் கால் ஆடாத ஒன்றாகப் பார்த்து உட்கார்ந்து. முதல் ரெண்டு நாள் மற்ற அம்மாமார்கள் பார்ப்பார்களே என்று சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். சுவரில் ஒட்டியிருந்த படத்துப் பிள்ளை, வெள்ளைக்காரப் பிள்ளை, கொழுகொழுவென்று நீலக் கண்ணோடு அவளையே உற்றுப் பார்த்தது. அதுக்கும் கூச்சப்பட்டு, அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் ஒரு மூலையைப் பார்த்து உட்கார, அடுத்த நாற்காலியில் சர்சர்ரென்று எடுத்துக்கொண்டிருந்த ரஹ்மத்து அக்கா, கடையநல்லூர்க்காரி, ‘ஏ புள்ள, படத்துக்கெல்லாம் முதுகு காட்டுத ஒரே ஆளு நீதான்’ என்று சிரித்தாள். இப்போது மணி பத்தரை. பத்து மணிக்குப் பிள்ளைக்கு எடை போட்டிருப்பார்கள். காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா, கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, தீக்குச்சி மாதிரி இருக்கிற அந்தக் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘எடை ஏறியிருந்தா பதினோரு மணிக்கு அம்மாகிட்ட வச்சுப் பாப்போம், நல்லாக் குடிச்சுட்டாள்னா மூக்குக் குழாயை எடுத்துரலாம், பெட்டியை விட்டு அம்மா பக்கத்துக்கே வந்துரலாம்’ என்று சொல்லிவிட்டுப் போனார். குடிக்காவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. முப்பிடாதி கேட்கவும் இல்லை. இந்தப் பத்தொன்பது நாளில் டாக்டரம்மாவிடம் ‘சரி’ என்பதைத் தவிர ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. கேட்காமலே தெரியும். அஞ்சு நாளைக்கு முன்னால் ஒருதரம் மார்பில் வைத்துப் பார்த்தார்கள், பிள்ளை ரெண்டு உறிஞ்சு உறிஞ்சினாள், உறிஞ்சுகிற மும்முரத்தில் மூச்சு விட மறந்துபோனாள், உதடு நாவல்பழ நிறத்துக்கு ஓடிப்போனது. லிஸி சிஸ்டர் பறித்து எடுத்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினாள். ‘இவளுக்கு ஒரு நேரம் ஒரு வேலைதான் அறியும்’ என்று தன் மலையாளத் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் சிஸ்டரின் நெற்றி வேர்த்திருந்ததை முப்பிடாதி பார்த்தாள். இன்றைக்கும் மறந்துவிட்டால் மறுபடி பெட்டி, மறுபடி குழாய், எத்தனை நாளோ. ஒரு நேரம் ஒரு வேலை. அதுவும் தன்னைப் போலத்தான், முறுக்குச் சுற்றும்போது யாராவது பேர் கேட்டால் இவளுக்கும் சுற்று பிசகிவிடும்.

கிண்ணத்தின் அடி இன்னும் மறையவில்லை. பயந்தால் பால் இறங்காது என்று லிஸி சிஸ்டர் சொல்லியிருக்கிறாள், எல்லா அம்மாமாருக்கும் பொதுவாகச் சொன்னதுதான், முப்பிடாதிக்கு மட்டும் அது மிரட்டின மாதிரி விழுந்துவிட்டது, பயந்தால் இறங்காதே என்று பயந்து, அந்தப் பயத்திலும் இறங்காமல். நல்லதாக நினைக்க வேண்டும். பிள்ளையின் காதை நினைக்கலாம். காது இன்னும் முழுசாக விறைக்கவில்லை, பூவரச மொட்டு மாதிரி மடங்கிக் கிடக்கும். காதில் இருந்து மயிருக்கு, மயிரில் இருந்து பேருக்கு, பேர் இன்னும் வைக்கவில்லை, பெட்டியின் மேல் ‘பேபி ஆஃப் முப்பிடாதி’ என்று ஒட்டியிருக்கிறார்கள், பேர் இல்லாத பிள்ளைக்கு அம்மா பேரே பேர், மைக்கில் கூப்பிடும்போது வராந்தா முழுக்கத் தன் பேர் கேட்கிறது, அவள் பேரை இத்தனை பேர் கேட்டதே இல்லை, பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் ஆஜர் சொல்லும்போதுகூடப் பல்லுக்குள்ளேதான் சொல்லுவாள், டீச்சர் ஆப்சென்ட் போட்டுவிடுவார். அந்த அஞ்சாம் வகுப்பு ஒன்றுக்கு உதவியது, பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். பிள்ளை பிறந்ததும் மேல்மாடி வார்டில் பிரஷர் கூடிக் கிடந்த நாலு நாளுக்குப் பிறகு, அஞ்சாம் நாள் சக்கர நாற்காலியில் கீழே கொண்டுவந்தபோது, வராந்தாவில் வரிசையாகப் பலகைகள். ரத்தப் பரிசோதனை. எக்ஸ்ரே. ஸ்கேன். சேப்ளின். முதல் மூணும் தெரியும், அவளுக்கே எடுத்தார்கள். நாலாவது என்ன பரிசோதனையோ. சே, ப், ளி, ன். கேட்கவே ஊசி மாதிரி இருந்தது, நீள ஊசி, முதுகில் குத்துவது. அன்று சாயங்காலம் அவள் புருஷன் கொம்பையா, கல்யாணப் பந்தல் போடுகிறவன், சட்டையெல்லாம் கயிற்றுத் தும்போடு வந்து நின்றபோது, ‘பிள்ளைக்கு எல்லாம் எடுத்தாச்சு, சேப்ளின்தான் இன்னும் எடுக்கல போல’ என்றாள். அவன் உடனே கவுண்டருக்குப் போனான். பணம் எவ்வளவு என்று கேட்கிற முகத்தோடு போனவன், வேறொரு முகத்தோடு வந்தான். ‘அது எடுக்கதுல்லயாம்’ என்றான். ‘பின்ன?’ ‘அது ஒரு ஆளாம். அவரே வருவாராம்.’ ‘எதுக்கு வருவாராம்?’ ‘கேக்கல. அந்தாளு சிரிச்சிட்டான், வந்துட்டேன்.’ கூப்பிடாமல் அவராகவே வருகிற ஆள் என்றால் யார், முப்பிடாதிக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர்தான் அப்படி, எருமையில் வருவார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. சிரிப்பு வரவும் ஒரு சொட்டு, அப்புறம் இன்னொரு சொட்டு. அந்த ஆள் எருமையில் வரவில்லை, மோட்டார் சைக்கிளில் வந்தார், சீட்டு முழுக்க அவரே இருந்தார், குண்டு, நாற்பது வயது இருக்கும், வெள்ளைச் சட்டைப் பையில் பேனா கசிந்து ஒரு நீல வட்டம், தோளில் துண்டு, அதால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். கையில் வேதப் புத்தகத்துக்குப் பதில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். எல்லாரும் சேப்ளின் ஐயா என்பார்கள், பேர் எட்வின் தங்கையாவாம், யாரும் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அம்மாமார்கள் கூடத்துக்கு அவர் வந்தால் ஒரு காற்று அடித்த மாதிரி இருக்கும், ஒருத்தி போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொள்வாள், ஒருத்தி ஃபோனைக் காதில் வைத்து யாருமில்லாத இடத்தோடு பேசுவாள். ரஹ்மத்து அக்காதான் காரணத்தைச் சொன்னாள், தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே. ‘நான் வந்து ஒருவாரத்துல பாத்துட்டேன் புள்ள. மூணாம் பெட்டிகிட்ட நின்னாரு, மறுநா அந்தப் பிள்ள இல்ல. ஏழாம் பெட்டிகிட்ட நின்னாரு, அதும் இல்ல. டாக்டருமாரு கைவிட்டா இவரை அனுப்புதாவ. இவரு வந்து கடைசி மந்திரம் சொல்லிருவாரு.’ ‘உங்க பிள்ளகிட்ட வந்தாராக்கா?’ ‘எம்புள்ளகிட்டயா, வரட்டும் பாப்போம்’ என்று ரஹ்மத்து அக்கா கையை உதறினாள், தயிர் முப்பிடாதியின் மூக்கில் தெறித்தது. அதிலிருந்து முப்பிடாதி ஒளிந்தாள். அவர் வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம், குழாயடிக்கு வந்தால் கக்கூஸுக்குள், ஒருநாள் துணி போடுகிற பெரிய பிளாஸ்டிக் டிரம்முக்குப் பின்னால் ஆப்பரேஷன் தையல் இழுக்க இழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள், அவர் டிரம்முக்கு இந்தப் பக்கம் நின்று, வெகுநேரம் தண்ணீர் குடித்துவிட்டு, ‘அம்மா, அங்கன எறும்பு உண்டு, பாத்து’ என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்துவிட்டாரே என்ற வெட்கத்தில் எறும்பு கடித்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது. எல்லாம் முந்தாநாள் வரைக்கும்தான். முந்தாநாள் தையலைக் காட்டிவர மேல்மாடிக்குப் போனாள், வரிசை நீளம், ஒன்றரை மணி நேரமாகிவிட்டது, திரும்பி ஓட்டமும் நடையுமாக வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கிறாள், தன் பிள்ளையின் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த அகலமான முதுகு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பேசாமல் நிற்கிறது. வாய் அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை. மனசுக்குள் சொல்கிறாரோ, மனசுக்குள் சொன்னாலும் மந்திரம் மந்திரம்தானே. அந்த மதியம் பால் நின்றது. ஒரு சொட்டு இல்லை. அமுக்கி அமுக்கி மார்பு கன்றிச் சிவந்ததுதான் மிச்சம், லிஸி சிஸ்டர் அலமாரியிலிருந்து பொடிப்பால் டப்பாவை எடுத்தாள், அந்தக் கரண்டி டப்பாவில் உரசின சத்தம் இப்போதும் முப்பிடாதியின் பல்லில் இருக்கிறது.

வேண்டாம், கரண்டியை நினைக்க வேண்டாம், நிற்கப்போகிறது, காது, பூவரச மொட்டு, ஆ, இறங்குகிறது. அந்தக் கரண்டிதான் அவளை எழுப்பிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். பொடிப்பால் கரைகிற நேரத்தில் அவள் கால்கள் தாமாகவே வராந்தாவுக்குப் போயின, தண்ணீர் ஃபில்டர் பக்கம் அவர் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தார், அவர் முன்னால் போய் நின்றாள், காலியான கிண்ணத்தை ரெண்டு கையாலும் நெஞ்சில் அழுத்திக்கொண்டு. ‘சொல்லுங்கம்மா.’ தரையில் அவர் செருப்பு தெரிந்தது, வார் அறுந்து சணலால் கட்டியிருந்தது. அந்தச் செருப்பிடம் சொன்னாள், ‘எம்பிள்ளகிட்ட நிக்காதீக.’ சொன்ன பிறகு காது ரெண்டும் சூடாகி, ஆஸ்பத்திரியே நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. கோபப்படுவார், யாரைப் பார்த்து என்ன சொல்லுத என்பார், லிஸி சிஸ்டரிடம் சொல்லுவார், பிள்ளையைப் பெட்டியோடு வெளியே அனுப்புவார்கள். அவர், ‘சரிம்மா, நிக்கல’ என்றார். அவ்வளவுதான். பூட்டாத கதவை முட்டித் தள்ளினவள் மாதிரி ஆகிவிட்டாள் முப்பிடாதி, சண்டைக்கு என்று சேர்த்துவைத்த மூச்சு மிச்சமிருந்தது, அதை என்ன செய்வது. போகவும் தெரியாமல் நின்றாள். அவரும் நின்றார். பாட்டில் நிறைந்து வழிந்தது. மிச்சமிருந்த மூச்சு வாய் வழியே வந்துவிட்டது, ‘ஊசி போடுவீகளா?’ ‘இல்லம்மா, எனக்கு ஊசியக் கண்டா தலை சுத்தும்.’ ‘மருந்து?’ ‘அதுவும் இல்ல.’ ‘மந்திரமா?’ ‘ஜெபம் பண்ணச் சொன்னா பண்ணுவேன். சொல்லலன்னா சும்மா நிப்பேன்.’ ‘அதுக்கா சம்பளம் தாராவ?’ என்று கேட்டுவிட்டாள். அய்யோ என்று நாக்கைக் கடித்தாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார், பாட்டில் தண்ணீர் அவள் காலில் கொட்டியது, ‘எங்க வீட்டுல எம்பொண்டாட்டியும் இதைத்தாம்மா கேக்கா’ என்றார். அவர் சிரிக்கவும் செருப்பிலிருந்து கண்ணைத் தூக்கி ஒருதரம் முகத்தைப் பார்த்தாள். சாவைக் கூட்டிவருகிறவர் முகம் மாதிரி இல்லை, பந்தியில் ரெண்டாம் பாயாசத்துக்குக் காத்திருக்கிற முகம். அந்தத் தைரியத்தில்தான் கேட்டாள், ‘சேப்ளின்னா என்ன?’

அதுக்கு அவர் ஒரு கதை சொன்னார், வராந்தாவில் நின்றே, போகிற வருகிற ஸ்ட்ரெச்சருக்கு வயிற்றை உள்ளே இழுத்து வழிவிட்டுக்கொண்டே. ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெள்ளைக்கார தேசத்தில் ஒரு சிப்பாய், மார்ட்டின்னு பேராம், குதிரையில் வந்தானாம். ‘வெள்ளைக் குதிரையா?’ ‘தெரியாதும்மா, வெள்ளைன்னே வச்சுக்கிடுங்க.’ மார்கழிக் குளிரெல்லாம் அந்த ஊர்க் குளிருக்கு உறைபோடக் காணாதாம், ஊர் வாசலில் ஒரு பிச்சைக்காரர் உடம்பில் ஒன்றும் இல்லாமல் நடுங்கிக்கொண்டு கிடந்தாராம். சிப்பாய்க்குக் கொடுக்க ஒன்றுமில்லை, போர்த்தியிருந்த போர்வை ஒன்றுதான். உடனே வாளை உருவி, இப்படி, என்று தோள் துண்டை எடுத்து ஒரு கையால் வெட்டிக் காட்டினார், பாதியைக் கொடுத்துவிட்டு மிச்சப் பாதியைத் தான் போர்த்திக்கொண்டு போனானாம். பின்னாளில் அந்தச் சிப்பாய் பெரிய மகான் என்று ஊரெல்லாம் ஆகவும், அவனிடம் இருந்த பாதித் துண்டை ராசாக்கள் எடுத்துப் பெட்டியில் வைத்து, அதுக்கு ஒரு அறை கட்டி, அதைக் காக்க ஒரு ஆளையும் போட்டார்களாம், சண்டைக்குப் போனால் துண்டும் போகும், காவலாளும் கூடப் போவாராம். ‘அந்த ஊர்ப் பாஷையில துண்டுக்கு என்ன பேரோ, அந்தப் பேரையே அறைக்கும் வச்சு காவக்காரருக்கும் வச்சுட்டாங்க. அதுதாம்மா சுத்திச் சுத்திச் சேப்ளின்னு வந்து நிக்கி. பட்டாளத்துல ஒரு சேப்ளின் உண்டு, ஜெயில்ல உண்டு, கப்பல்ல உண்டு. துண்டு எங்க போச்சுன்னு இப்ப யாருக்கும் தெரியாது. காவக்காரன் மட்டும் மிச்சம்’ என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கப்பலிலுமா என்று முப்பிடாதிக்கு ஆச்சரியமாக இருந்தது, நடுக்கடலில் யார் பக்கத்தில் போய் நிற்பார், குண்டாக இருந்தால் கப்பல் ஒருபக்கம் சாயாதோ. கதை அதோடு முடிந்தது, அவர் போனார், இவள் போனாள், ஆனால் கதை போகவில்லை. ரெண்டு நாளாக எதை நினைத்தாலும் அந்தத் துண்டுதான் வருகிறது. வாளால் வெட்டினால் துணி நேராகப் போகாது, பிசிறு பிசிறாக வரும். ஒரு ஓரத்தில் பல்லால் கடித்துச் சர்ரென்று கிழித்தால்தான் நூல் பிடித்து நேராகப் போகும், பிள்ளைக்கு அரைத்துணி கிழிக்கும்போது அவள் அப்படித்தான் கிழிப்பாள், சிப்பாய்க்கு அதெல்லாம் எங்கே தெரிந்திருக்கப்போகிறது. அது இருக்கட்டும். பெட்டியில் வைத்துக் காத்தார்களே, அது எந்தப் பாதி. சிப்பாய் தனக்கென்று வைத்துக்கொண்ட பாதி. பிச்சைக்காரர் வாங்கிப்போன பாதி என்ன ஆச்சு. அதை யாரும் அறை கட்டி வைக்கவில்லை, அவர் போர்த்தியிருப்பார், விரித்துப் படுத்திருப்பார், மழையில் நனைத்திருப்பார், பொண்டாட்டி பிள்ளை இருந்தால் அதுகளும் அதுக்குள்ளேயே முடங்கியிருக்கும், கிழிந்து நைந்து கடைசியில் அடுப்படிக் கைப்பிடித் துணியாகப் போயிருக்கும். குளிர் தாங்கினது அந்தப் பாதிதானே. அதை விட்டுவிட்டு இதுக்கா காவல். இதை அவரிடம் கேட்க வேண்டும் என்று இருந்தது முப்பிடாதிக்கு. யாரிடமும் எதையும் கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்ததே இல்லை, அதனால் அந்த ஆசையே புதுச்செருப்பு மாதிரி ஒரு இடத்தில் உரசிக்கொண்டே இருந்தது.

கேட்க எங்கே முகம். நிக்காதீக என்று சொன்னவள் அல்லவா. அவர் சொன்ன சொல் தவறவில்லை, முந்தாநாள் சாயங்காலம் வரவில்லை, நேற்று முழுக்க அவள் பிள்ளை இருக்கிற வரிசைக்கே வரவில்லை, வாசல்வரை வந்து இவளைக் கண்டால் தூரத்தில் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார், இவள் ஒளிந்தது போய் இப்போது அவர் ஒளிகிறார். நல்லதாப்போச்சு என்று நேற்று வரைக்கும் இருந்தாள். இன்று காலை லிஸி சிஸ்டர் குழாயில் பால் விட்டுக்கொண்டே, தானாகப் பேசுகிற மாதிரி, ‘சேப்ளின் ஐயாவுக்கும் இவள்க்கும் பிணக்கமோ, ரெண்டு நாள் ஆயி காணல்ல’ என்றாள். குழாயில் பால் இறங்குவதை முப்பிடாதி பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நீ மேல பிரஷர் கூடிக் கிடந்தது நாலு நாள். அப்போ இவள்கூட ஆரு நின்னது? அம்மா வரமுடியாத குஞ்சுகள் எதுன்னு நான்தான் அவர்க்கு சொல்லும். அவர் வந்து நிக்கும். தொடக்கூடாதுன்னு சொன்னேன், ஒரு விரல் வச்சுத் தொட்டது இல்ல, கை கட்டி நிக்கும். உங்க அம்மன் கோயில்ல இருந்து மாமியார் கொடுத்துவிட்ட சிவப்புக் கயிறு, உள்ளே வைக்க முடியாதுன்னு நான் சொன்னப்போ, பெட்டிக்கு அடியில் கட்டினதும் அவர்தான், பாரு, ஆட்டுக்குட்டியைக் கட்டின மாதிரி கட்டி வச்சிருக்கு.’ முப்பிடாதி குனிந்து பார்த்தாள். கொம்பையா கட்டினது என்றுதான் நினைத்திருந்தாள், பந்தல்காரன் முடிச்சு அப்படி இருக்காதே என்றும் ஒருதரம் நினைத்திருந்தாள். இப்போது, நாற்காலியில், கை தன்பாட்டுக்கு அமுக்கி விட்டுக்கொண்டிருக்க, அந்த நாலு நாள் திரும்ப வருகிறது. மேலே கட்டிலில் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தபடி, எம்பிள்ள தனியாக் கிடக்குமே, எம்பிள்ள தனியாக் கிடக்குமே என்று அதையே சொல்லி அழுத நாலு நாள். தனியாகக் கிடக்கவில்லை. கீழே அந்த அகல முதுகு நின்றிருக்கிறது, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, இவளுக்குப் பதிலாக. முந்தாநாளும் அவள் தையலைக் காட்டப் போன அந்த ஒன்றரை மணி நேரம்தான் நின்றிருக்கிறது. அதைப் போய். மார்பில் சுருக்கென்று எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கூச்சம், அதுக்குப் பிறகு எதிர்பார்க்கவே இல்லை, ரெண்டு பக்கமும் சேர்ந்து இறங்கியது, ஒரு பக்கம் கிண்ணத்தில் நூல் மாதிரி விழ, மறுபக்கம் சேலையை நனைத்தது.

‘அடேயப்பா, யாரு இது, ஆவின் வண்டியா’ என்று ரஹ்மத்து அக்கா கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். ‘என்னத்த நெனச்ச, எனக்கும் சொல்லு, நானும் நெனைக்கேன்.’ முப்பிடாதி குனிந்துகொண்டாள். பிறகு, குனிந்தபடியே, ‘அக்கா, அவரு நின்ன பெட்டியெல்லாம் போயிட்டுன்னீகளே. நின்னு, வீட்டுக்குப் போன பிள்ளைக எத்தனை?’ ‘அது எனக்கு எப்பிடித் தெரியும்.’ ‘ஆமா. வீட்டுக்குப் போனவ எவளும் திரும்பி வந்து, எம்பிள்ளகிட்டயும் நின்னாருன்னு சொல்லமாட்டால்லா. அழுதவளைத்தான நாம பாத்தோம்.’ ரஹ்மத்து அக்கா எடுப்பதை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தாள். இவ்வளவு நீளமாக முப்பிடாதி பேசி அவள் கேட்டதில்லை. ‘அப்ப எம்புள்ளகிட்ட ஏன் ஒருநாளும் வரல, அதைச் சொல்லு.’ ‘நீங்கதான் பெட்டிய விட்டு நகரவே மாட்டேங்கீகளே, அவரு நிக்க எங்க இடம்?’ ரஹ்மத்து அக்கா சிரித்த சிரிப்பில் கிண்ணம் தளும்பியது, ‘இவளுக்கு வாய் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது, படத்துப் பிள்ள, நீ கேட்டியா’ என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். முப்பிடாதிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே மணியைப் பார்த்தாள், பதினொன்றுக்கு ஏழு நிமிஷம், சிரிப்பு பாதியில் நின்றது. எடை ஏறாமல் இருந்திருந்தால். ஏறியிருந்து, மார்பில் வைத்ததும் மறுபடி அந்த நிறம். பிள்ளை மறந்தால் உள்ளங்காலில் சுண்ட வேண்டும், பூப்போலச் சுண்டக்கூடாது, கோலி சுண்டுகிற மாதிரி சுண்ட வேண்டும், அவளுக்குச் சுண்டத் தெரியும், ஆனால் பயத்தில் விரல் வருமோ வராதோ. அப்போது பக்கத்தில் யாராவது நின்றால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஒன்றும் செய்ய வேண்டாம். ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம். கொம்பையா மேலப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கம்பு நட்டுக்கொண்டிருப்பான். ஐயா, நான் சொன்னதை மனசுல வச்சுக்கிடாதீக என்று தொடங்கலாம். இல்லை, அது ரொம்ப நீளம், நடுவில் முறுக்கு மாதிரி பிசகிவிடும். ஐயா, வாங்க. இது போதும், ரெண்டு சொல். செருப்பைப் பார்த்துச் சொன்னால் சொல்லிவிடலாம்,

‘முப்பிடாதி’ என்று திரைச்சீலைக்கு வெளியே லிஸி சிஸ்டரின் குரல், ‘எடை இருபத்தஞ்சு கிராம் ஏறி. பிள்ள கையைச் சூப்பிக்கொண்டு கிடக்குது. கிண்ணம் அவிடெ வச்சிட்டு நீ மட்டும் வா.’ கிண்ணம் வேண்டாம். கிண்ணம் வேண்டாம் என்றால், குழாயில் விடப்போவதில்லை என்றால், எழுந்த அவசரத்தில் ஜாக்கெட் கொக்கி ஒன்று மாறி மாட்டிக்கொண்டது, ரஹ்மத்து அக்கா கிண்ணத்தை வாங்கிவைத்து, கொக்கியைப் பிடுங்கிச் சரியாக மாட்டி, ‘போ புள்ள, உறிஞ்சட்டும்’ என்று முதுகில் ஒன்று வைத்தாள். வராந்தா நீளமாக இருந்தது, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன், எல்லாம் பின்னால் போகிறது, அந்த நாலாவது பலகைக்குக் கீழே அவர் இருந்தார், பாட்டிலோடு, இவள் வருவதைப் பார்த்ததும் சொன்ன சொல்லைக் காப்பாற்றச் சட்டென்று அறைக்குள் நுழையப் போனார், வயிறு கதவு நிலையில் இடித்தது. முப்பிடாதி நின்றாள். செருப்பைத் தேடினாள், சணல் கட்டின செருப்பு வாசலுக்கு வெளியே கழற்றிக் கிடந்தது, அவர் காலில் இல்லை, அதனால் வேறு வழியில்லாமல் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், ‘ஐயா, வாங்க. பதினோரு மணிக்கு எம்மேல வச்சுப் பாக்காவ.’ ‘பால் குடுக்கிற இடத்துல நான் எதுக்கும்மா?’ ‘கண்ணாடிக்கு வெளிய நில்லுங்க. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.’ ‘திரும்பி நின்னு?’ ‘சும்மா நில்லுங்க. நீங்க நிக்கீகன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்.’ அவர் துண்டால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டார், கழுத்தை இல்லை, முகத்தை. செருப்பைக்கூட மாட்டாமல் கூடவே நடந்தார், ரெண்டு எட்டு பின்னால். கதவுப்பக்கம் வந்ததும் முப்பிடாதிக்கு உள்ளே போகக் கால் வரவில்லை, பயத்தால் இல்லை, அந்த ஒன்று இன்னும் உரசிக்கொண்டிருந்தது, இப்போது விட்டால் பிறகு வாய் திறக்காது, திரும்பினாள், ‘ஐயா, அந்தத் துண்டுல, பெட்டியில வச்சுக் காத்ததைச் சொன்னீகள்லா, ஆனா பிச்சைக்காரருகிட்ட போன பாதி இருக்குல்லா, அந்தப் பாதிதான,’ ‘முப்பிடாதி, வேகம் வா, இவள் வாயைத் திறக்குது,’ ‘வாரேன் சிஸ்டர், ஐயா, அந்தப் பாதிதான குளிருக்கு ஆச்சு?’ என்று கேட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள்.